இருவர் தனித்தனியே எண்ணினர்

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்கு 'டிராஃப்ட் அக்கா' என்று பெயர். வைத்தது நான்தான். எப்போது கேட்டாலும் அவளுடைய கட்டுரை டிராஃப்ட்டாகவே இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. கோபித்துக்கொள்ள வேண்டியவள், "நல்லாத்தான்டி இருக்கு, கூப்பிட்டுக்கோ" என்று சிரித்தாள். எதையும் இப்படிச் சிரித்து வாங்கிக்கொள்கிறவர்கள்தான் இந்த மாதிரி இடங்களில் வசமாக மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் கட்சி.

மாட்டிக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டுமென்றால், அதற்கு முன் ஒரு கட்டுரையாவது நல்ல ஜர்னல் ஒன்றில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். கட்டுரை ஜர்னலுக்குப் போக வேண்டுமென்றால் சார் மனசு வைக்க வேண்டும். சார் என்றால் எங்கள் நெறியாளர். ஜர்னலின் இணையதளத்தில் கணக்கு அவர் பெயரில். கடைசிப் பொத்தானை அமுக்குகிற விரலும் அவருடையது. அந்த விரல் கீழே இறங்குவதற்குள் அக்காவின் மகளுக்குப் பால்பற்கள் விழுந்து புதுப் பற்களும் முளைத்துவிட்டன.

அக்காவின் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது மகளையும் கூட்டிக்கொண்டு போனார். "பேப்பர் போனதும் வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா விடுதியில் என் அறைக்கு வந்து சேர்ந்தாள். கொண்டுவந்த பெட்டியை அவள் பிரித்து அடுக்கவே இல்லை. "கொஞ்ச நாள்தானே, எதுக்கு?" என்றாள். பெட்டி கட்டிலுக்கடியில் வாயைத் திறந்தபடி கிடக்கும். குனிந்து குனிந்து துணி எடுப்பாள். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறுவாள். திங்கட்கிழமை காலையில் கண் சிவந்து, தலைகூடச் சீவாமல் நேராக ஆய்வகத்துக்கு வந்து நிற்பாள்.

ஊருக்கே போய் இருந்துகொண்டு மெயிலில் பேசிக்கொள்ளக் கூடாதா என்று நானும் கேட்டேன். சாருக்குத் திரையில் படிக்க வராது. எல்லாவற்றையும் அச்செடுத்துத் தர வேண்டும். அவர் மேசையில் ஒரு காகிதக் குவியல் உண்டு. கண்ணெதிரே நடமாடுகிறவர்களின் கட்டுரை மேலே இருக்கும், ஊரில் இருக்கிறவர்களின் கட்டுரை தன்னால் அடிக்குப் போய்விடும். அடிக்குப் போனது மேலே வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் அக்கா கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தாள்.

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுக் கிளம்புக்கா" என்றும் ஒருநாள் சொன்னேன். அவள் குனிந்து பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"போட்டுட்டுப் போனா, இத்தனை வருஷம் பாப்பாவை விட்டுட்டு இருந்தேனே, அது எதுக்காம்?"

போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் ஒரு மனுஷியை நிறுத்திவைக்க இந்த ஒரு கேள்வியே போதும்.

சார் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சௌகரியமாகத் திட்டியிருக்கலாம். மகளுக்குக் காய்ச்சல் என்று யாராவது சொன்னால், "ஏம்மா இங்க நிக்கிற, முதல்ல கிளம்பு" என்று விரட்டுவார். அவருக்கு ஒரே ஒரு காயம். என்றோ அவர் அனுப்பிய கட்டுரை ஒன்றை, முகம் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர், 'முன்னுரையை எழுதியவரே அதைப் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை' என்று எழுதித் திருப்பிவிட்டாராம். அந்த ஆள் அதை அன்றைக்கே மறந்திருப்பான். சாருக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. அன்று முதல் அவருக்கு முன்னுரைப் பைத்தியம். அக்கா ஒவ்வொரு முறை போய் நிற்கும்போதும் அதே பதில்தான் வரும்: "எல்லாம் சரியாயிருக்கும்மா. முன்னுரையை மட்டும் ஒரு தடவை பாத்துட்டுத் தர்றேன்."

பார்த்துவிட்டுத் தருவார், பச்சை மையில். 'எனினும்' என்பதை 'ஆனால்' என்று மாற்றியிருப்பார். அடுத்த முறை 'ஆனால்' என்பது 'எனினும்' ஆகியிருக்கும். ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் என்றாலும் கூத்து இதேதான். அக்காவின் மகள்கூட தொலைபேசியில், "அம்மா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டு அடுத்ததாக, "சார் முன்னுரை பாத்துட்டாரா?" என்று கேட்பாள். முன்னுரை என்றால் என்னவென்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அதைப் பார்த்து முடித்தால் அம்மா வந்துவிடுவாள் என்பது மட்டும் தெரியும்.

அக்காவின் ஆராய்ச்சி எளிமையானது. ஒரு களைச்செடியின் இலையை ஊறவைத்த நீர், பக்கத்தில் இருக்கும் புல்லின் விதைகளை முளைக்கவிடாமல் தடுக்கிறதா என்று பார்ப்பது. மூடி போட்ட சிறு கண்ணாடித் தட்டுகளில் ஈரத் தாளைப் பரப்பி விதைகளை வைப்பாள். பாதித் தட்டுகளுக்கு வெறும் நீர், பாதிக்கு இலை நீர். தினமும் மூடியைத் திறந்து எத்தனை முளைத்திருக்கின்றன என்று எண்ணுவாள். எண்ணி முடித்துத் தட்டு தட்டாகப் படமும் எடுத்துவைப்பாள். கேட்க ஒன்றுமில்லைபோல இருக்கும். ஆனால் விதையின் நுனியில் லேசாக வெள்ளை எட்டிப் பார்க்கும் பாருங்கள், அதை முளைத்த கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் உயிரே போகும்.

இனி எங்கள் ஆய்வகத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே யாரும் வெறும் பக்கத்தில் எழுதத் தொடங்கியதில்லை. முன்னால் படித்துப் போனவரின் கட்டுரைக் கோப்பைத் திறந்து, அதன் மேலேயே தன்னுடையதை எழுதுவார்கள். தலைப்பை மாற்று, விதையின் பெயரை மாற்று, எண்களை மாற்று. செய்முறைப் பகுதி மட்டும் வாடகை வீட்டுச் சுவரில் அடித்த ஆணிபோல ஆள் மாறினாலும் அப்படியே இருக்கும். முன்னுரையைத்தான் எல்லோரும் மாய்ந்து மாய்ந்து படித்தோம். செய்முறையை யாரும் படிக்கவில்லை.

அந்த வருடம் துறையைச் சோதித்து மதிப்பிட மேலிடத்திலிருந்து ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. 'அனுப்பியாச்சு' என்று காட்டக் கட்டுரைகள் வேண்டுமென்று துறைத் தலைவர் நெருக்கினார். ஒரு காலை சார் பச்சைப் பேனாவை மூடிவிட்டு, "முன்னுரை நல்லா வந்திருக்கும்மா. ஏத்திடு. கடைசியில கூப்பிடு, நான் வந்து அமுக்குறேன்" என்றார்.

அக்கா என் மேசைக்கு ஓடிவந்தாள். என் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஊருக்குப் போன் போட்டாள். கணவர், "நிஜமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது எனக்கே கேட்டது. மகள் அன்றைக்கே தன் அலமாரியில் ஓர் அடுக்கைக் காலி செய்துவிட்டாள். அம்மா துணி வைக்க. அதைப் படம் பிடித்து அவர் அனுப்பியிருந்தார். ஒன்றுமே இல்லாத ஓர் அடுக்கு. அக்கா அதைப் பத்துப் பேரிடமாவது காட்டியிருப்பாள்.

ஜர்னலின் தளத்தில் ஏற்றுவது என்பது பக்கம் பக்கமாகப் பதில் சொல்வது. கட்டுரைக் கோப்பு, தலைப்பு, சுருக்கம், ஆசிரியர் விவரம், ஆசிரியர் குழுவுக்குப் பணிவான கடிதம். எல்லாம் மளமளவென்று போயிற்று. செய்முறை பற்றிய பக்கத்தில் ஒரு கேள்வி: 'முளைத்தவற்றை இருவர் தனித்தனியே எண்ணினர், எத்தட்டு எவ்வகை என எண்ணியோர்க்குத் தெரியாது என்று எழுதியுள்ளீர்கள். அந்த இருவரின் பெயரெழுத்துகளைத் தரவும்.' பக்கத்திலேயே சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

அக்கா என்னைப் பார்த்தாள். "நம்ம பேப்பர்ல அப்படியா எழுதியிருக்கு?"

திறந்து பார்த்தோம். எழுதியிருந்தது. அவளுக்கு முந்தையவரின் கட்டுரையிலும் இருந்தது, அவருக்கும் முந்தையவருடையதிலும் இருந்தது. எந்தக் காலத்தில் எந்தப் புண்ணியவான் உண்மையாகவே ஆள் வைத்து எண்ணினாரோ தெரியாது. எங்களுக்குத் தெரிந்து இந்த ஆய்வகத்தில் தட்டில் பெயர் ஒட்டுகிறவரும் ஒருவரே, எண்ணுகிறவரும் அவரே. அக்காவும் அப்படித்தான் செய்தாள். அத்தனை டிராஃப்ட்டிலும் அந்த வரி இருந்தது; அவள் கண்ணில் படவே இல்லை.

"என் பேரைப் போடுக்கா. முடிஞ்சது" என்றேன்.

"நீ எண்ணலையே."

"எண்ணினேன்னு சொல்றேன். எவன் வந்து பாக்கப் போறான்?"

அவள் எழுந்து சார் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அந்த வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எடுத்தா, பழைய பேப்பர்ல எல்லாம் இருக்கேம்மா. இதுல மட்டும் ஏன் இல்லைன்னு கேப்பாங்க. யாராவது ஒருத்தர் பேரைப் போடு. இது ஒரு ஃபார்மாலிட்டி."

"படம் எல்லாம் இருக்கு சார். இப்போ எண்ணிடலாமா? ரெண்டு பேரா, ஒழுங்கா?"

"சரி, செய். அதுவும் நல்லதுதான்" என்றார். பழைய எண்களே வரும் என்று நினைத்துச் சொன்னார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

எதிர் அறையில் மண்ணை ஆராயும் தோழி இருந்தாள். 'மண்ணாங்கட்டி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். அவள் படங்களில் இருந்த ஒட்டுச்சீட்டை வெட்டிவிட்டு, வரிசையைக் கலைத்து, எண் போட்டுக் கொடுத்தாள். எது இலை நீர், எது வெறும் நீர் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நானும் அக்காவும் நூலகத்தின் இரண்டு மூலைகளில் முதுகைக் காட்டி உட்கார்ந்து எண்ணினோம். எனக்குக் கழுத்து வலித்தது, கண் எரிந்தது, அக்காவையும் புல்லையும் சேர்த்துச் சபித்தேன். எனக்கு இதில் அரைக் காசு லாபமில்லை என்பதையும் இடையிடையே அவளுக்கு நினைவூட்டினேன்.

எண்ணி முடித்துக் கொடுத்தோம். மண்ணாங்கட்டி சேர்த்துப் பார்த்தாள். எங்கள் இருவர் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அக்காவின் பழைய கணக்கோடுதான் சேரவில்லை. இலை நீர் விதைகளைத் தடுப்பது உண்மைதான். ஆனால் அவள் எழுதியிருந்ததில் பாதி அளவுக்குத்தான் தடுத்தது.

அக்கா பழைய படங்களைத் தட்டு தட்டாகப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வெறும் தண்ணித் தட்டுல லேசா வெள்ளை தெரிஞ்சாலே முளைச்சிடுச்சுன்னு போட்டிருக்கேன். இலைத் தண்ணித் தட்டுல அதே அளவு இருந்தா, இன்னும் முளைக்கலன்னு விட்டிருக்கேன். வேணும்னு செய்யலடி. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சிருக்கு."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாரோ ஏமாற்றியிருந்தால் அவர்களைத் திட்டலாம். தன் கண்ணே தன்னை ஏமாற்றினால் யாரிடம் போய் முறையிடுவது?

இரண்டு நாள் போயிற்று. பிறகு உட்கார்ந்து எண்களை மாற்றினாள், வரைபடங்களை மாற்றினாள், முடிவுரையை அடக்கமாகத் திருத்தினாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நாட்களில் அவள் சந்தோஷமாகக்கூட இருந்தாள். "சின்னதாத்தான் இருக்கு, ஆனா நிஜமா இருக்கு பாரேன்" என்று வரைபடத்தைக் காட்டினாள். அச்செடுத்துச் சாரிடம் கொடுத்தாள். அவர் முதல் முறையாக முன்னுரையை விட்டுவிட்டு நேராக எண்களுக்குப் போனார்.

"பாதியாயிடுச்சே" என்றார். தாள்களைக் குவியலின் மேல் வைத்தார்.

ஒரு வாரம் போயிருக்கும். மதியம், நாங்கள் கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். அக்காவின் செல்போன் சத்தம் கொடுத்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஜர்னலிலிருந்து மெயில். 'உங்களை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை எங்களுக்கு வந்து சேர்ந்தது.'

"அனுப்பிட்டாருடி!" என்று கத்தினாள். மறு கையிலிருந்த நுரையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். எத்தனை வருடம் காத்திருந்த வரி அது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு கூட வந்த கோப்பைத் திறந்தாள். பழைய எண்கள். பழைய வரைபடம். இருவர் தனித்தனியே எண்ணினர், அவளுடைய பெயரெழுத்தும் என்னுடைய பெயரெழுத்தும். ஆய்வுக் குழு வரப்போகிற அவசரத்தில் சாரே உட்கார்ந்து, தளத்தில் முன்பே ஏற்றியிருந்த பழைய கோப்பையே, காலியாக இருந்த இடங்களை நிரப்பி அனுப்பியிருந்தார். மெயிலின் அடியில் ஒரு கேள்வி. இந்தக் கட்டுரையின் ஆசிரியர் நீங்கள்தான் என்பதையும் உள்ளே இருப்பதை நீங்கள் ஏற்பதையும் உறுதிசெய்யுங்கள். கீழே இரண்டு பொத்தான்கள்: ஆம், இல்லை.

இத்தனை நாளும் சாரின் விரலுக்காகக் காத்திருந்தவள். இப்போது அவள் விரலுக்காகக் கட்டுரை காத்திருந்தது.

"அமுக்குக்கா" என்றேன். "தடுக்குறது நிஜம்தானே? கொஞ்சம் கூடப் போட்டிருக்கு, அவ்வளவுதானே? உலகத்துல எவனும் செய்யாததா?"

அவள் கணவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்ல மனிதர். "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்றார். பிறகு, "பாப்பா கிட்ட எதுவும் சொல்லல" என்றார். 'அமுக்கிடு' என்று அவர் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் மாலைவரை அந்த மெயிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். விடுதி அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தவளைப் பிடித்து நான் உலுக்காத குறை. கத்தினேன். பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டும் அளவுக்குக் கத்தினேன்.

"உனக்கு வீடு வேணாமா? பொண்ணு வேணாமா? யாருக்காகக்கா இந்த வீம்பு?"

"வீம்பு இல்லடி" என்றாள். "நாளைக்கு ஒருத்தி வந்து என் பேப்பரைத் திறந்து, அதுக்கு மேல அவளோடதை எழுதுவா. நான் எழுதின மாதிரியே. அவளும் இந்த வரியைப் படிக்க மாட்டா."

சொல்லிவிட்டு 'இல்லை' என்பதை அமுக்கினாள். அமுக்கிவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாய்விட்டு, அடக்க முடியாமல் அழுதாள். எனக்கு அவள்மீது வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்று அவளுக்குச் சாப்பாடு வாங்கி வந்து வைத்தேனே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் சார் கூப்பிட்டனுப்பினார். ஜர்னல் கட்டுரையைத் திருப்பியிருந்தது. வெடிக்கப் போகிறார் என்று நானும் துணைக்குப் போனேன். அவர் வெடிக்கவில்லை. ஒரே நாளில் வயதானவர்போல உட்கார்ந்திருந்தார்.

"என்னைக் கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

"கேட்டேன் சார்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு அக்காவின் புது டிராஃப்ட்டைக் குவியலுக்குள்ளிருந்து தேடி எடுத்தார். "சரி. நீ செஞ்சதுதான் சரி. உன் எண்ணிக்கையையே போட்டு அனுப்பலாம். எனக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்ல."

அக்கா கையெடுத்துக் கும்பிடாத குறை. எனக்கே வெட்கமாகிவிட்டது, அவளை எவ்வளவு திட்டிவிட்டேன்! நேர்மைக்கு இந்த உலகத்தில் இடமிருக்கிறது என்று ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம் நம்பினேன்.

சார் முதல் பக்கத்தைப் புரட்டினார். பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"ஆனா முடிவு இப்படி மாறினதுக்கப்புறம் இந்த முன்னுரை பொருந்தாதும்மா. ஆரம்பத்துலேர்ந்தே வேற மாதிரி சொல்லணும். முன்னுரையை மட்டும் ஒரு தடவை பாத்துட்டுத் தர்றேன்."

அக்கா தலையசைத்தாள். நாங்கள் நடைவழியில் நடந்து வந்தோம். பாதி தூரத்தில் அவள் செல்போன் அடித்தது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்க வேண்டும்.

"அம்மா, சாப்டியா?"

"சாப்டேன்டா."

"சார் முன்னுரை பாத்துட்டாரா?"

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். "பாத்துட்டிருக்காருடா கண்ணு."

பிறகு குழந்தை கேட்டாள். கோபமாகவோ அழுகையாகவோ இல்லை, சும்மா, இடப் பிரச்சினை மாதிரிதான் கேட்டாள்.

"அப்போ அந்த அலமாரி அடுக்குல என் புக்கெல்லாம் வெச்சுக்கட்டுமாம்மா?"

"வெச்சுக்கோ" என்றாள் அக்கா.